எலிக்காய்ச்சலும் உயிரணு ஒட்டுப் புரதங்களும்

நம் தீவுகளில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்கு மழை தலைகாட்டும் ஐப்பசி வாக்கில் ஒரு காய்ச்சல் வருவதுண்டு. வயலில் இறங்கியவர்களுக்கும், ஓடை கடந்தவர்களுக்கும், மாட்டுக் கொட்டகை கழுவியவர்களுக்கும் அதிகம் வரும். முதலில் குளிர், தலைவலி, கெண்டைக்கால் சதையில் தொடமுடியாத வலி. கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை கட்டாது. "மழையில நனைஞ்சது, ரெண்டு நாள்ல போயிரும்" என்று கசாயத்தோடு விட்டுவிடுகிறவர்களே பலர். பெரும்பாலோருக்குப் போயும் விடுகிறது. ஆனால் சிலருக்கு நாலாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகிறது, சிறுநீரகம் தடுமாறுகிறது, இருமினால் இரத்தம் வருகிறது. அங்கிருந்து நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும்.

இதுதான் லெப்டோஸ்பைரோசிஸ், நம் வழக்கில் எலிக்காய்ச்சல். ஈரல், சிறுநீரகம், நுரையீரல் ஆகிய மூன்றும் மூன்று விதமான உறுப்புகள், மூன்று விதமான வேலை செய்கிறவை. ஒரே கிருமி மூன்றையும் எப்படி ஒரே சமயத்தில் கவிழ்க்கிறது? இந்தக் கேள்விக்கு அண்மை ஆண்டுகளில் கிடைத்துள்ள விடையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் மருத்துவன் அல்லன். இங்கே அரசுப் பள்ளியில் பல ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன். ஆகவே மருந்துச் சீட்டு எழுதுவது என் வேலை இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதை விளக்குவது என் வேலை.

முதலில் இந்த மண்ணில் இந்த நோயின் கதை. இது நேற்று வந்த நோய் அல்ல. தண்டனைக் குடியேற்றக் காலத்திலேயே போர்ட் பிளேயரில் மஞ்சள் காமாலையோடு கூடிய காய்ச்சல்கள் மருத்துவர்களைக் குழப்பிக்கொண்டிருந்தன. டெய்லர், கோயல் என்ற இருவர் இங்கே ஆராய்ந்து, 1931இல் அந்தமான் லெப்டோஸ்பைரா நோய் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் பிரித்தெடுத்த ஒரு வகைக்கு 'அந்தமானா' என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், நம் தீவின் பெயரைச் சுமக்கிற அந்த வகை, பின்னாளில் மனிதருக்குத் தீங்கு செய்யாத, தண்ணீரில் தானே வாழும் இனத்தில் சேர்க்கப்பட்டது. ஆளைக் கொல்கிற வகைகளுக்கு வேறு ஊர்ப் பெயர்கள்.

அதன்பின் பல்லாண்டுகள் இந்த நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. 1988 முதல் வட அந்தமானின் டிக்லிப்பூர் பக்கம், மழைக்காலம் முடியும் தருணத்தில், இருமலில் இரத்தம் வரும் ஒரு கொடுங்காய்ச்சல் ஆண்டுதோறும் வரத் தொடங்கியது. காரணம் தெரியாததால் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். ஏதோ புது வைரஸ் என்றுகூடச் சந்தேகம் இருந்தது. 1993ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பரில் அது மறுபடி பரவியபோது, டாலிகஞ்சில் இருக்கும் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1983இல் தொடங்கிய நிறுவனம் அது. செஹ்கல், முர்ஹேகர், சுகுணன் ஆகியோர் 1995இல் வெளியிட்ட கட்டுரையில் விடை வந்தது. புது வைரஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பழைய லெப்டோஸ்பைராதான், நுரையீரலைத் தாக்கும் வடிவில் வந்திருக்கிறது. அந்த மையம் பின்னர் இந்நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாகவும் ஆயிற்று. போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது என்றாலும், உலக மருத்துவ ஏடுகளில் எலிக்காய்ச்சல் என்றால் போர்ட் பிளேயர் என்ற பெயர் இன்றும் கண்ணில் படும்.

இனி உடம்புக்குள் போவோம்.

நம் உடம்பின் வெளிப்பரப்பையும் உட்குழாய்களையும் போர்த்தியிருக்கும் உயிரணு அடுக்குக்கு எபிதீலியம் என்று பெயர். தமிழில் உறைத்திசு எனலாம். தோல், குடலின் உள்பக்கம், நுரையீரலின் காற்றுப்பைகள், சிறுநீரக நுண்குழாய்கள், ஈரலின் பித்த நாளங்கள், எல்லாவற்றிலும் இதுதான். இதன் வேலை வேலி காப்பது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று முடிவு செய்வது இந்த அடுக்கு. இரத்தக் குழாயின் உட்புறத்தில் உள்ள மெல்லிய அடுக்குக்கு எண்டோதீலியம் என்று வேறு பெயர். வேலை ஏறக்குறைய அதுவே.

கடற்கரையில் மரப்படகு கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலகை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இரண்டு பலகைக்கும் நடுவில் உள்ள பொருத்தை அடைக்காவிட்டால் படகு நிற்காது. அதற்காகத்தான் பஞ்சையும் கீலையும் வைத்து இடுக்கை அடைக்கிறார்கள். பழைய கப்பல்காரர்கள் இதைக் கலப்பத்து என்பார்கள். உயிரணுக்களை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தாலும் அப்படித்தான், வேலி ஆகாது. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து இடுக்கை அடைக்கப் புரதங்கள் வேண்டும். அவைதாம் ஒட்டுப் புரதங்கள்.

இந்த ஒட்டு ஒரே வகையானது அல்ல. உயிரணுவின் மேல்விளிம்பில் இறுக்கமான ஒரு பட்டை, தண்ணீர்கூடக் கசியாதபடி. கிளாடின், ஆக்லூடின் என்ற புரதங்கள் அங்கே இருக்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே வலுவான பிணைப்புப் பட்டை. அங்கே ஈ-கேடெரின் என்ற புரதம். அதற்கும் கீழே ஆங்காங்கே சட்டைப் பொத்தான் போட்டதுபோல டெஸ்மோசோம்கள். அடியில் தரையோடு உயிரணுவை ஊன்றி வைக்க இன்டெக்ரின்கள். இதில் நம் கதைக்கு நாயகன் ஈ-கேடெரின். இது உயிரணுவின் தோலைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புரதம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதி, பக்கத்து உயிரணுவின் ஈ-கேடெரினைக் கை கோத்துப் பிடிக்கும். உள்ளே இருக்கும் பாதி, கேட்டெனின் என்ற இடைத்தரகர்கள் வழியாக உயிரணுவின் உள்சட்டமான ஆக்டின் இழைகளைப் பிடித்திருக்கும். ஒரு கை வெளியே, ஒரு கை உள்ளே. ஆகவே ஓர் உயிரணு இழுத்தால் பக்கத்து உயிரணுவுக்குத் தெரியும்.

இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த மசதோஷி தக்கெய்ச்சி 1970களில் அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள கார்னகி நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். ஊரில் செய்த அதே சோதனையை அங்கே செய்தார். டிரிப்சின் என்ற நொதியால் உயிரணுக்களைப் பிரித்துவிட்டு, அவை திரும்ப ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. கியோட்டோவில் ஒட்டியவை அங்கே ஒட்டவில்லை! காரணம் தேடியபோது, அங்குள்ள டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள் கலந்திருப்பது தெரிந்தது. கால்சியம் இருக்கும்வரை அந்த ஒட்டுப் புரதத்தை நொதியால் வெட்ட முடியவில்லை. கால்சியம் போனதும் அது நொதிக்கு இரையாகிவிட்டது. கால்சியத்தோடு ஒட்டுவது என்ற பொருளில் கேடெரின் என்ற பெயர் 1984இல் வந்தது. எபிதீலியத்தில் இருப்பதால் ஈ-கேடெரின். ஜெர்மனியின் ரோல்ஃப் கெம்லரும் தனி வழியில் இதே புரதத்தை வந்தடைந்தார். இருவருக்கும் 2020இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது கிடைத்தது.

இப்போது கிருமி. லெப்டோஸ்பைரா ஒரு சுருள் பாக்டீரியா. நீளம் 6 முதல் 20 மைக்ரோமீட்டர், ஆனால் பருமன் 0.1 மைக்ரோமீட்டர்தான். முனை கொக்கிபோல வளைந்து கேள்விக்குறிபோல் தோன்றுவதால் 'இன்டெரோகன்ஸ்' என்று பெயர். 1915இல் ஜப்பானின் இனாடாவும் இடோவும் இதுவே அந்தக் காமாலைக் காய்ச்சலுக்குக் காரணம் என்று காட்டினார்கள். எலியின் சிறுநீரகத்தில் இது சுகமாகக் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. அதன் சிறுநீரில் மட்டும் வந்துகொண்டே இருக்கும். மாடு, பன்றி, நாய் இவற்றிலும் இருக்கலாம். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நம் ஊரில் அதற்குக் கேட்கவா வேண்டும்.

நல்ல தோலை இது துளைப்பது கடினம். பல அடுக்கு, மேலே செத்த உயிரணுக்களின் கெட்டித் தகடு. ஆனால் பித்த வெடிப்பும் சேற்றுப்புண்ணும் உள்ள காலுக்கு அந்தப் பாதுகாப்பு ஏது? கண், வாய், மூக்கின் ஈரப் படலமும் வழிதான். உள்ளே நுழைந்து இரத்தத்தில் கலந்தபின், ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் போக ஒவ்வொரு வேலியாகத் தாண்ட வேண்டும். பல கிருமிகள் உயிரணுவைக் கொன்று, அல்லது அதற்குள்ளேயே குடியேறி, தாண்டும். இது அப்படிச் செய்வதில்லை. இரண்டு உயிரணுக்களுக்கு நடுவில் உள்ள இடுக்கைத் தேடுகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஜெனிஃபர் கோபர்ன் குழுவினர், இந்தக் கிருமி கேடெரின் புரதங்களையே பிடித்துக்கொள்கிறது என்று 2014இல் காட்டினார்கள். அதாவது பூட்டையே கைப்பிடியாக்கிக்கொள்கிறது. 2021இல் ஜப்பானின் ஒகினாவாவிலுள்ள ரியூக்யூ பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். (அதுவும் நம்மைப்போல ஒரு தீவுக்கூட்டம்தான், அங்கும் இந்தக் காய்ச்சல் உண்டு.) மனிதச் சிறுநீரக நுண்குழாயின் உயிரணுக்களை ஒரே அடுக்காக வளர்த்து, மேலே கிருமியை விட்டார்கள். ஒரு நாள் கழித்தும் கிருமிகள் உயிரணுவுக்கு வெளியேதான் ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தன. ஆனால் ஈ-கேடெரின் வெட்டப்பட்டு, அதன் வெளிப்பாதி துண்டாகி நீரில் மிதந்தது. மிச்சத்தை உயிரணு தானே உள்ளே விழுங்கிக்கொண்டது. ஆக்லூடின், கிளாடின் எல்லாம் இடம் பெயர்ந்தன. உயிரணு அடுக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று அளந்தார்கள். இடுக்கு அடைபட்டிருந்தால் மின்தடை அதிகம் இருக்கும். அது படிப்படியாகக் குறைந்தது. பொருத்து விட்டுவிட்டது. கிருமி அந்த வழியாக மறுபக்கம் போனது. உயிரணு ஈ-கேடெரினை விழுங்குவதை ஒரு மருந்தால் தடுத்தபோது, மின்தடை குறையவில்லை. இதுதான் இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம். பூட்டு இருந்தால் வேலி நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆனால் இது தட்டில் வளர்த்த உயிரணுவில் செய்தது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக இன்னும் ஆகவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த மூன்று அறிகுறிகளைப் பாருங்கள்.

கண் மஞ்சள். வைரஸ் காமாலையில் ஈரல் உயிரணுக்கள் பெருமளவில் அழியும். ஆகவே இரத்தத்தில் ஈரல் நொதிகள் மிக அதிகமாக ஏறும். எலிக்காய்ச்சலில் பிலிருபின் வானத்தில் நிற்கும், நொதிகளோ கொஞ்சம்தான் ஏறியிருக்கும். மருத்துவர்களுக்குப் பழகிய புதிர் இது. ஜப்பானில் மியஹாரா குழுவினர் 2014இல் வெள்ளெலி வகை ஒன்றில் (ஹாம்ஸ்டர்) ஆராய்ந்து விளக்கம் தந்தார்கள். கிருமி ஈரல் உயிரணுக்களின் இடுக்கில் நுழைந்து பொருத்தைப் பிரிக்கிறது. அவற்றின் நடுவே ஓடும் பித்த வாய்க்கால் உடைந்து பித்தம் இரத்தத்தில் கசிகிறது. ஈரல் உயிரணு செத்ததால் வந்த மஞ்சள் அல்ல, வாய்க்கால் உடைந்ததால் வந்த மஞ்சள்.

சிறுநீரகம். பொதுவாகச் சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். எலிக்காய்ச்சலில் பலருக்கு அது இறங்குகிறது, சிறுநீரும் ஓரளவு போய்க்கொண்டே இருக்கிறது. கிருமி முதலில் தாக்குவது, வடிகட்டியதில் நமக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் முன்பகுதி நுண்குழாயை. உறிஞ்சும் இடம் பழுதானால் உப்பு வீணாகக் கீழே போகும், கூடவே பொட்டாசியமும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும்போது இதைக் கவனிக்கிற மருத்துவருக்கும் கவனிக்காதவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

நுரையீரல். காற்றுப்பைக்கும் இரத்த நுண்குழாய்க்கும் நடுவில் இருப்பது மிக மெல்லிய சுவர். அங்கே இரத்தக் குழாய் உயிரணுக்களைப் பிணைத்திருப்பதும் ஒரு கேடெரின்தான். கோபர்ன் குழுவினர் கிருமி பற்றிக்கொள்வதைக் கண்டதும் அந்த வகையைத்தான். பொருத்து விட்டால் இரத்தம் காற்றுப்பையில் இறங்கும். டிக்லிப்பூரில் பயமுறுத்தியது இதுவே. ஆனால் இங்கே கிருமி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆய்வு விலங்குகளின் நுரையீரல் சுவரில் நம் உடலின் எதிர்ப்புப் புரதங்களே படிந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். கிருமி பாதி, நம் எதிர்ப்பு பாதி என்று இருக்கலாம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பலகை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, பொருத்துதான் விட்டிருக்கிறது. அதனால்தான் டயாலிசிஸ் வரை போன எலிக்காய்ச்சல் நோயாளிகள் பலர் பிழைத்தபின் சிறுநீரகம் பழையபடி வேலை செய்கிறது. மஞ்சளும் தடமின்றிப் போகிறது. அந்தச் சில நாள் தாக்குப்பிடிக்க வைத்தால் உயிரணு புது ஈ-கேடெரின் செய்து பொருத்தை அடைத்துக்கொள்ளும். நுரையீரலில் மட்டும் அந்தச் சில நாள் கிடைப்பது அரிது.

ஒட்டுப் புரதங்கள் கெடும் மற்ற நோய்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெம்ஃபிகஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்புப் புரதங்கள் டெஸ்மோசோமின் பொத்தான்களையே தாக்கும். தோலும் வாயும் கொப்புளமாகப் பிரியும். அதில் தாக்கப்படும் புரதமும் கேடெரின் குடும்பம்தான் என்று 1991இல் தெரிந்தது. புற்றுநோயில் கதை வேறு. உயிரணு ஈ-கேடெரினை இழந்தால் கூட்டத்தை விட்டுக் கழன்று வேறிடம் போகத் துணிகிறது. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுக்கு, ஈ-கேடெரின் மரபணுவின் பிழையே காரணம் என்று 1998இல் கண்டார்கள்.

நம் வீட்டுக் கவலைக்குத் திரும்புவோம். டிக்லிப்பூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், சேத்துல கால் வைக்காம நெல்லு வருமா? எலி எங்க மூத்திரம் பேஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. இதற்கு அந்த ஆராய்ச்சி மையமே டிக்லிப்பூரில் ஒரு சோதனை நடத்தியது. மழைக்காலத்தில் ஊர்மக்களில் ஒரு சாராருக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், மறு சாராருக்கு வெறும் மாத்திரை. 2000இல் வந்த முடிவு விந்தையானது. தொற்று இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏற்பட்டது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் நோயாகப் படுத்தவர்கள் குறைவு. கிருமி உள்ளே வந்தாலும் வேலிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது. மற்றவர்களுக்கும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

இரத்தச் சோதனையிலும் ஒரு சிக்கல். எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சோதனைகள் முதல் நாலைந்து நாளில் பெரும்பாலும் 'இல்லை' என்றே காட்டும், ஏனென்றால் உடம்பு இன்னும் அதைச் செய்யத் தொடங்கியிருக்காது. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும். டிக்லிப்பூரிலிருந்து தலைநகருக்குச் சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். சோதனை முடிவுக்குக் காத்திருந்தால் பொருத்து விடும் நாள் வந்துவிடும். ஆகவே மருத்துவர்கள் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவது வழக்கம். அந்தச் சந்தேகம் அவருக்கு வர வேண்டுமானால், "பத்து நாள் முன்னாடி வயல்ல இறங்கினேன், கால்ல புண் இருந்தது" என்று நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை, காய்ச்சலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கிருமி நுழைந்து காய்ச்சல் வர இரண்டு நாள் முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். வயலில் இறங்கியது இங்கே, காய்ச்சல் வருவது கப்பலிலோ இராமநாதபுரத்திலோ. அங்குள்ள மருத்துவருக்கு நீங்கள் அந்தமானிலிருந்து வந்தது தெரியாது.

தடுப்பூசி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நோய் தரும் வகைகள் மட்டும் 250க்கு மேல்; ஒன்றுக்குச் செய்த ஊசி மற்றதற்குப் பயன்படுவது அரிது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் பேருக்கு இது வருகிறது, ஏறக்குறைய 59,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015இல் ஒரு மதிப்பீடு வந்தது. இறப்பவர்களில் பெரும்பாலோர் வயலில் நிற்கிறவர்களும் சாக்கடையோரம் வாழ்கிறவர்களும். ஆகவே பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு இதில் அவசரம் இல்லை. இப்போது சில ஆய்வகங்கள், எல்லா வகைகளையும் தனித்தனியே துரத்தாமல், கிருமி நம் உயிரணுவைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்களையே குறி வைக்கின்றன. லிக் என்ற பெயருள்ள அத்தகைய புரதங்கள் ஹாம்ஸ்டர்களை நோயிலிருந்து காத்திருக்கின்றன. மனிதருக்கான ஊசியாக அது இன்னும் வரவில்லை.